கேசட்டில் மட்டும் மிஞ்சிய காமெடி சீன்

கேள்வி: என் மாமா 1989-ல் சிங்கப்பூரில் வாங்கிவந்த ஒரு தமிழ்ப் படத்தின் வி.எச்.எஸ். கேசட் வீட்டில் இருக்கிறது. அதே படத்தின் டிவிடியும் என்னிடம் உண்டு. டிவிடியில் இல்லாத ஒரு காமெடி சீன் கேசட்டில் இருக்கிறது. ஆனால் டிவிடி 150 நிமிடம் ஓடுகிறது, கேசட்டோ விளம்பரம் போக 147 நிமிடம்தான். கூடுதல் சீன் இருக்கும் கேசட் எப்படிக் குறைவாக ஓடும்? ஒரு கடையில் கொடுத்து எம்பி4 ஆக்கிப் பார்த்தேன். யாராவது நடந்தால் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருகிறது. ஏஐ மென்பொருளில் போட்டு 4கே ஆக்கிவிடலாமா? இரண்டையும் சேர்த்து ஒரு முழுப் படமாக்க வழி உண்டா? — திருச்சி வாசகர்.

பதில்: அந்த மூன்று நிமிடக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சினிமா ஓடுவது நொடிக்கு 24 பிரேம். சிங்கப்பூர், இந்தியா, இலங்கை எல்லாம் அப்போது பால் (PAL) என்ற முறையில் டிவி ஒளிபரப்பிய நாடுகள், அங்கே டிவி ஓடியது நொடிக்கு 25 பிரேம். படத்தை வீடியோவுக்கு மாற்றியவர்கள் அந்த ஒரு பிரேமுக்காக மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. படத்தையே நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டிவிட்டார்கள். அதனால் 147 நிமிடக் கேசட்டில் இருப்பது உண்மையில் 153 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட படம்.

நம் ஊர்ப் பட டிவிடிகள் பலவும் வெளிநாட்டு விற்பனையை மனதில் வைத்து, அமெரிக்காவில் இருந்த என்டிஎஸ்சி என்ற டிவி முறையில் வந்தவை. அதில் படம் ஏறக்குறைய அதன் சொந்த வேகத்திலேயே ஓடும். உங்கள் டிவிடியும் அப்படித்தான் இருக்க வேண்டும். 153-ல் 150 போனால் மிச்சம் மூன்று நிமிடம். உங்கள் காமெடி சீனின் நீளத்தை அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதற்குச் சரியாக வரும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கடைக்காரர் கொடுத்த எம்பி4-ஐ வைத்து ஒன்றும் செய்யாதீர்கள். ஏஐ, 4கே எல்லாம் கடைசி யோசனை, அநேகமாகத் தேவையே படாத யோசனை. கேசட்டிலிருந்து சிக்னலை ஒழுங்காக ஒரு முறை எடுத்து வைப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. வண்ணம், சத்தம், தழும்பு எல்லாவற்றையும் பத்து வருடம் கழித்துக்கூடத் திருத்திக்கொள்ளலாம். கேசட் அதுவரை காத்திருக்காது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு கடையை மூடிவிட்டது. அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் பழைய டெக், டேப்பைப் படிக்கும் பழைய ஹெட்.

டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள். இதில் அவசரம் கூடாது. பக்கவாட்டில், மூடிக்கு அருகே சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு மூடியைத் தூக்கினால் டேப் தெரியும். அடுத்து, மேலே இருக்கும் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச்சைச் சாய்வாக அடித்து, சுற்றியிருக்கும் டேப்பின் விளிம்பைப் பாருங்கள். இசைத்தட்டு மாதிரி கருப்பாக, மழமழவென்று இருந்தால் நல்லது. வெள்ளையாகப் பொடி தூவினாற்போலவோ, நரைமுடி ஒட்டியதுபோல நூல் நூலாகவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போடவே கூடாது. பால் டெக்கின் ஹெட் டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. பூஞ்சணம் அதில் ஏறினால் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். ஒருமுறை ஒரு நண்பரின் கல்யாணக் கேசட்டைச் சோம்பலில் பார்க்காமல் போட்டு, அதற்குப் பின் போட்ட மூன்று கேசட்டுக்கும் அந்தப் பூஞ்சணத்தை ஊட்டிவிட்டேன். ஹெட்டைச் சுத்தம் செய்ய ஒரு நாள் போனது. நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

பூஞ்சணம் லேசாக இருந்தால் கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் வைத்துக் காயவிட வேண்டும். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, நூல் விடாத துணியால் டேப்பை மெல்லத் துடைத்தபடியே சுற்ற வேண்டும். அதிகமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பூஞ்சணமே இல்லாவிட்டாலும் முதல் முறை பிளே அழுத்தாமல், கடைசி வரை ஃபாஸ்ட் ஃபார்வர்டில் ஓட்டிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். பல வருடமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். அதற்கும் முன்பாக, வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு டெக் டேப்பைக் கடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

டெக் தேடும்போது எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-வி.எச்.எஸ். டெக் கிடைத்தால் விடாதீர்கள். வி.எச்.எஸ். டேப்பில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் ஒயர் அவை இரண்டையும் ஒன்றாகக் கலந்து அனுப்புகிறது, பிறகு கணினியில் பதியும் கேப்சர் கருவி அதைப் பிரிக்கத் திணறுகிறது. எஸ்-வீடியோவில் இந்தக் கலப்பே கிடையாது.

டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி பற்றியும் சொல்ல வேண்டும். படத்தில் கதவு நிலை, விளக்குக் கம்பம் மாதிரி நேர்க்கோடு வரும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். அது நெளிந்து நெளிந்து நின்றால், டேப் ஓடும்போது ஒவ்வொரு வரியும் ஒரு நூலிழை முந்தியோ பிந்தியோ வருகிறது என்று அர்த்தம். அந்த வரிகளை ஒழுங்கு வரிசையில் நிறுத்துவதுதான் இந்தக் கருவியின் வேலை. நல்ல எஸ்-வி.எச்.எஸ். டெக்குகள் சிலவற்றில் உள்ளேயே இருக்கும். தனிக் கருவியின் விலை கேட்டால் மயக்கம் வரும். நடுவில் ஒரு பழைய பானாசோனிக் டிவிடி ரெக்கார்டரைச் செருகி, அதன் வழியாகச் சிக்னலை ஓட விடுவது பலர் செய்யும் கைவைத்தியம். டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 என்ற மாடல்கள் இதற்குப் பெயர் பெற்றவை. ரெக்கார்ட் செய்ய வேண்டாம், உள்ளே விட்டு வெளியே எடுத்தால் போதும். இந்த நெளிவை மட்டும் பின்னால் எந்த மென்பொருளாலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. காசு செலவழிக்க ஓர் இடம் என்றால் அது இதுதான்.

பதிவு செய்யும்போது 720×576, 25 பிரேம், இண்டர்லேஸ் (ஒரு பிரேமை இரண்டு பாதியாகக் காட்டும் முறை, கீழே சொல்கிறேன்) உள்ளது உள்ளபடி. சுருக்கும் முறை ஹஃப்ஒய்யுவி அல்லது எஃப்எஃப்வி1. இரண்டும் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் சுருக்குபவை. விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருள் போதும். மணிக்கு 30, 35 ஜிபி ஆகும், உங்கள் கேசட்டுக்கு 100 ஜிபி இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேசட் நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மூன்று முறை பதியுங்கள். டேப்பின் இரைச்சல் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறு இடத்தில் விழும், மூன்றையும் அடுக்கி நடுமதிப்பை எடுத்தால் படம் தெளியும். இதையெல்லாம் தாண்டி, ஹெட்டிலிருந்து வரும் மூலச் சிக்னலையே பதிந்து கணினியில் படமாக்கும் வி.எச்.எஸ்.-டிகோட் என்ற திறந்த மூலத் திட்டமும் இருக்கிறது. டெக்கைத் திறந்து ஒயர் பற்றவைக்கத் துணிவு இருப்பவர்களுக்கு.

இப்போது அந்தச் சீப்புப் பல். டிவி ஒரு பிரேமை இரண்டு பாதியாகக் காட்டும்: ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் மறு பாதி. வீடியோ கேமராவில் எடுத்தால் இந்த இரண்டு பாதியும் வேறு வேறு கணத்தைச் சேர்ந்தவை. ஆனால் உங்களிடம் இருப்பது சினிமா. இரண்டு பாதியும் ஒரே பிலிம் பிரேமிலிருந்து வந்தவை. பிறகு ஏன் பல் தெரிகிறது? ஜோடி மாறிவிட்டது. இந்தப் பிரேமின் ஒரு பாதி வரிகளோடு அடுத்த பிரேமின் மறு பாதி வரிகள் சேர்ந்துவிட்டன. சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டால் எப்படி இருக்கும், அதேதான். ஏவிஐசிந்த் என்ற மென்பொருளில் டிஎஃப்எம் என்ற கருவி சரியான ஜோடியைத் தேடிச் சேர்த்துவிடும், ஒரு வரிகூடப் போகாது. கடைகளில் பல்லைப் பார்த்ததும் டீஇண்டர்லேஸ் என்று போட்டு, பாதி வரிகளைத் தூக்கி எறிந்து, மீதியை இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். உங்கள் கடைக்காரர் அதையும் செய்யாமல் அப்படியே எம்பி4-ஆக நசுக்கிவிட்டார். ஒரு விதத்தில் பிழைத்தீர்கள், ஆனால் நசுங்கியது நசுங்கியதுதான்.

நிறுத்திப் பார்க்கும்போது ஓர் ஆளுக்கு நிழல் போல மூன்றாவது கை ஒன்று தெரிந்தால் கதை வேறு. அந்தக் கேசட் என்டிஎஸ்சி மாஸ்டரிலிருந்து, அதாவது மூலப் பிரதியிலிருந்து, பால் முறைக்கு மாற்றப்பட்டது, பிரேம்கள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. அதைப் பிரிப்பது தயிரைப் பாலாக்குகிற வேலை.

இரண்டையும் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. இந்த வேலைக்கு உலக அளவில் பேர் பெற்ற முன்மாதிரியே உண்டு. 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தை ஜார்ஜ் லூகாஸ் 1997-ல் கணினிக் காட்சிகள் சேர்த்து மாற்றினார். பழைய வடிவம் 2006-ல் ஒரு டிவிடியின் துணைத் தட்டாக வந்தது, அதுவும் 1993 லேசர்டிஸ்க்குக்காகச் செய்த மாஸ்டரிலிருந்து எடுத்தது. செக் நாட்டு ரசிகர் ஒருவர் 2011 ப்ளூரேயை அடித்தளமாக வைத்து, மாற்றப்பட்ட இடங்களில் மட்டும் அந்தப் பழைய மூலங்களிலிருந்து எடுத்து ஒட்டினார். நல்ல பிரதி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் அதையே வைத்துக்கொள்வது, அதில் இல்லாததற்கு மட்டும் மோசமான பிரதியிடம் போவது. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். டிவிடிதான் படம், கேசட்டிலிருந்து அந்த மூன்று நிமிடம் மட்டும்.

ஒட்டும்போது சீனை டிவிடியின் வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 23.976 பிரேமுக்கு இறக்குங்கள். சத்தத்தையும் கூடவே இறக்க வேண்டும். வேகம் ஏறியதால் கேசட்டில் சுருதியும் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். சுருதியைக் காப்பாற்றி வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கும், இங்கே அதைத் தொடாதீர்கள். டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீரும்போது இழுக்குமே, அது மாதிரி இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். சரியாக வந்ததா என்று தெரிந்துகொள்ள, டிவிடியிலும் கேசட்டிலும் உள்ள ஒரு பாட்டை அடுத்தடுத்து வைத்து, பல்லவி முதல் வரிக்கு ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துப் பாருங்கள். அப்புறம், படம் சினிமாஸ்கோப் என்றால் கேசட்டில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கும். அந்தச் சீன் மட்டும் சதுரமாக வரட்டும், பக்கத்தில் கருப்பு விடுங்கள். திரையை நிரப்புகிறேன் என்று பெரிதாக்கினால் தலையும் காலும் போய்விடும்.

ஏஐ விஷயத்துக்கு வருகிறேன். வி.எச்.எஸ்.-ல் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விவரம் உண்டு. 4கே மென்பொருள் மீதியைக் கற்பனை செய்கிறது. முகம் மெழுகாகிவிடுகிறது. டைட்டில் கார்டில் அதைவிட வேடிக்கை: மெய்யெழுத்தின் புள்ளியை அழுக்கு என்று நினைத்து வழித்துவிடுகிறது, நடிகர் பெயர் வேறு யாருடைய பெயராகவோ ஆகிவிடுகிறது. சாதாரணத் தழும்பு நீக்கியும் சும்மா இல்லை. நான் ஒருமுறை ஒரு படம் முழுக்க அதை ஓட்டிவிட்டு, பெருமையாக வீட்டில் போட்டுக் காட்டினேன். நாயகி மழையில் நனைந்துகொண்டே அழும் காட்சி. மழையைக் காணோம்! ஒரு பிரேமில் வந்து அடுத்த பிரேமில் இல்லாத கோடு எல்லாம் கீறல் என்று அது முடிவு செய்திருக்கிறது. புடவை மட்டும் நனைந்திருந்தது. அதிலிருந்து சீன் சீனாகப் பார்த்துத்தான் போடுகிறேன். மழை, தீப்பொறி, பூத்தூவல் வரும் இடத்தில் அணைத்துவிடுவேன்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, அது வெளிவந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1960-ல் வந்த படத்துக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. கதை, பாட்டு, இசைக்குத் தனிக் கணக்கு உண்டு, அவை ஆக்கியவர் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு. உங்கள் படம் எண்பதுகளில் வந்தது என்றால் இன்னும் காலம் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்வது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றாதீர்கள். நெகட்டிவ் உரிமை இப்போது யாரிடம் என்று விசாரித்து, இந்தச் சீன் எங்களிடம் இருக்கிறது என்று ஒரு கடிதம் போடுங்கள். அவர்களிடமே அது இல்லாமல் இருக்கலாம். 1983 ஜூலை கலவரத்தில் கொழும்புக்கு அருகே ஹெந்தளை விஜயா ஸ்டுடியோவைக் கொளுத்தியபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் அதோடு போயின. நம் ஊரில் தீ கூடத் தேவைப்படவில்லை, வெயிலும் ஈரமுமே போதுமாக இருந்தது.

மூலப் பதிவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். கூடவே ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்: என்ன கேசட், எந்த டெக், எந்தத் தேதி, ஒட்டிய சீன் எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது. தொடக்கத்தில் வரும் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களையும் மூலப் பதிவிலிருந்து வெட்டாதீர்கள், 1989-ல் சிங்கப்பூர்த் தமிழ்க் கடைத்தெரு எப்படி இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு பிரதிதான். கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம். முழுக்கச் சுற்றி, படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி, பீரோவுக்குள் வையுங்கள். டிவி மேல் மட்டும் வேண்டாம்.