சுரங்கம்ங்கிற சொல் 'சுருங்கு'ல இருந்து வந்ததா?

குறுகலான வழிங்கறதால 'சுருங்கு'ல இருந்துதானே சுரங்கம் வந்திருக்கும்னு கேட்டிருக்கீங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், இப்பவும் அப்படிச் சொல்றவங்க இருக்காங்க. ஆனா சொல் ஆராய்ச்சி பண்ணவங்க பலரும் கை காட்டுறது கிரேக்கத்தை. அங்க 'சிரிங்க்ஸ்'னா குழல், ஊதுற குழலும் அதுதான், எதிரி கோட்டை மதிலுக்கு அடியில தோண்டுற வழியும் அதுதான். அது சமஸ்கிருதத்துல 'சுருங்கா' ஆச்சு, அர்த்தசாஸ்திரத்துல கோட்டை முற்றுகை பத்தி பேசும்போது வருது, அரக்கு மாளிகைல இருந்து பாண்டவர் தப்பிச்ச வழிக்கும் மகாபாரதத்துல இதே சொல்தான். நமக்கு ஊசி போடுற சிரிஞ்ச் கூட இதே வேர்!

அந்த யுத்த முறை எப்படி இருந்துச்சுன்னா, கி.மு. 189-ல ரோமானியங்க அம்பிராசியாங்கிற கிரேக்க ஊரோட மதிலுக்கு அடியில தோண்ட ஆரம்பிச்சாங்க. வெளிய மண்ணு குவியறதைப் பார்த்து உள்ள இருந்தவங்களுக்கு சந்தேகம் வந்து, மதிலை ஒட்டி உள்பக்கமா ஒரு பள்ளம் வெட்டி, மெல்லிசான வெண்கலப் பாத்திரங்களை வரிசையா வச்சு காது கொடுத்துக் கேட்டிருக்காங்க, அடியில தோண்டுற அதிர்வுல எந்தப் பாத்திரம் ரீங்காரம் போடுதோ அதுக்கு நேரா இவங்களும் எதிர்ச் சுரங்கம் தோண்டினாங்க. அப்புறம் ஒரு பெரிய ஜாடி நிறைய இறகை அடைச்சு, தீ வச்சு, துருத்தியால ஊதி அந்தப் புகையாலயே ரோமானியங்களைத் திணறடிச்சாங்க. பாலிபியஸ்ங்கிற கிரேக்க வரலாற்று ஆசிரியர் இதை விவரமா எழுதி வச்சிருக்கார்.

தமிழ்ல பழைய வடிவம் 'சுருங்கை'. மணிமேகலைல பெருங்குளத்து தண்ணி போற சின்ன வழிக்கு இந்தப் பேரு. தங்கம், நிலக்கரி எடுக்கிற இடத்தையும் இன்னைக்கு சுரங்கம்னுதான் சொல்றோம், நெய்வேலில வானம் பார்த்த பள்ளமா இருந்தாலும் அது சுரங்கம்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சான்று சிலப்பதிகாரத்துல, ஊர்காண் காதைல இருக்கு. கோவலன் மதுரைக்குள்ள போறான், யானைக் கூட்டம் போய் வர்ற 'சுருங்கை வீதி' ஓரமா நடக்குறான். சரியா அதுக்கு அடுத்த வரியிலயே கோட்டை வாசல் வருது, அங்க வாளோட காவல் நிக்கிறது யார் தெரியுமா? யவனர், அதாவது கிரேக்கர், ரோமானியர் மாதிரி மேற்கே இருந்து வந்தவங்க. இதை மட்டும் வச்சு அவங்கதான் அந்தச் சொல்லைக் கொண்டு வந்தாங்கன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பார்த்த அன்னைக்கு நான் புத்தகத்தை மூடவே இல்ல.