படகு வாங்கினால் எத்தனை நாள் ஓட்டுவோம்?

கேள்வி: அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறோம். நீர்ச்சறுக்குக்கு மோட்டார் படகு வாங்க ஆசை. ஒரு கோடையில் எத்தனை நாள் பயன்படும்?

பதில்: மே கடைசித் திங்கட்கிழமை வரும் மெமோரியல் டே விடுமுறை முதல் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை சுமார் 15 வார இறுதிகள்தான். மழை, காற்று, விசேஷங்கள் போக, போன வருஷம் நாங்கள் மினடோங்கா ஏரியில் இறங்கியது 17 நாள். எஞ்சின் மீட்டரில் 38 மணி நேரம் ஏறியது. அந்த நாள்களில் சுமார் பாதி வார நாள் மாலைகள். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். காற்று அடங்கித் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். சறுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை! வீடு ஏரிக்குப் பக்கம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். டிரெய்லரில் இழுத்துப் போகவேண்டும் என்றால் முதல் கோடை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அப்புறம், குளிர்காலத்துக்கு முன் எஞ்சினில் உள்ள தண்ணீரை வடிக்க வேண்டும். உறைந்தால் பிளாக், அதாவது எஞ்சினின் உலோக உடல், விரிசல் விட்டுவிடும். வடிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.