எது வரும், எப்போது வரும்? சூரிய வெடிப்பு பற்றிய கேள்வி–பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சூரியனைப் பற்றியவை. சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும், அதன் 25ஆம் சுழற்சி உச்சத்தைத் தொட்டிருப்பதால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் பாதிப் பேர் தேதியே எழுதவில்லை. எழுதியவர்களிலும் பலர் அது யு.டி.சி. எனும் உலகப் பொது நேரமா நம்மூர் நேரமா என்று சொல்லவில்லை. ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போனால் பகல் இரவாகிவிடும். நேரம் இல்லாத கேள்விக்கு நான் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஃப்ளேர், சி.எம்.இ., புரோட்டான் மழை எல்லாம் ஒன்றுதானா? பூமிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் வேகம் வேறு, செய்யும் வேலையும் வேறு. ஃப்ளேர் என்பது சூரியனில் திடீரென வெடித்துக் கிளம்பும் ஒளியும் எக்ஸ் கதிரும். 8 நிமிடத்தில் வந்துவிடும். கருவியில் அது தெரியும்போதே நம்மை வந்து தொட்டாயிற்று, அதனால் அதற்கு முன்னெச்சரிக்கை கிடையாது. சி.எம்.இ. என்பது காந்தப்புலத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் உள்ள சூடான வாயு. பெரியது என்றால் 100 கோடி டன், ஏன் 1,000 கோடி டன்கூட இருக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று நாள் எடுக்கும், அவசரக்காரனுக்கு 15 முதல் 18 மணி நேரம் போதும்.

புரோட்டான் மழையின் துகள்கள் இவை இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வரும். 1 கோடி எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள புரோட்டான் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். 10 கோடி என்றால் அரை மணிக்குள். 100 கோடி என்றால் ஒளிக்குப் பின்னாலேயே, 10–12 நிமிடத்தில். இவற்றுக்கும் பிறப்பிடம் இரண்டு. ஃப்ளேர் நடக்கும் இடத்திலேயே முடுக்கப்படுபவை சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அவற்றில் எலக்ட்ரான் அதிகம், ஹீலியம்-3இன் பங்கு வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குகூட ஏறியிருக்கும். சி.எம்.இ.யின் முன்னால் ஓடும் அதிர்ச்சி அலை முடுக்குபவை நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டியவை இந்த இரண்டாவது வகை.

படத்தில் சூரியனுக்கு நட்டநடுவே வெடித்தது, புரோட்டான் அதிகம் வரவில்லை. இன்னொரு முறை வலது ஓரத்தில் வெடித்தது, கொட்டித் தீர்த்தது. நேராகக் குறி வைத்தது தவறி, ஓரத்தில் வெடித்தது எப்படி வந்து விழுகிறது? (பாகூர் வாசகர்)

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். படங்களைப் பார்த்து, ஒப்பிட்டு, யோசித்துக் கேட்டிருக்கிறார்.

மின்னேற்றம் உள்ள துகள் ஒளியைப் போல நேர்கோட்டில் ஓடாது. காந்தப்புலக் கோட்டைச் சுற்றிக்கொண்டு அது போகும் வழியில்தான் போகும். அந்தக் கோடுகளும் நேராக இல்லை. தீபாவளித் தரைச்சக்கரம் சுழலும்போது பொறிகள் வளைந்து வளைந்து விரிவதைப் பார்த்திருப்பீர்கள். சூரியன் 27 நாளைக்கு ஒரு சுற்று சுழன்றுகொண்டே சூரியக் காற்றை ஊதுவதால், அதன் காந்தக் கோடுகளும் அப்படித்தான் வளைகின்றன. யூஜீன் பார்க்கர் 1958இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பூமியைத் தொடும் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்தால், அது சூரியனின் நடுவில் போய் முடியாது. மேற்கே 50–60 பாகை தள்ளி, அதாவது படத்தின் வலப்பக்கத்தில் வேரூன்றியிருக்கும். அங்கே வெடித்தால் துகளுக்கு நம் வாசல்வரை பாதை போட்டு வைத்ததுபோல.

சி.எம்.இ. விஷயம் நேர்மாறு. அது கிளம்பிய திசையில் ஏறக்குறைய நேராக வரும், எனவே நடுவில் வெடித்தால்தான் நம்மை மோதும். நீங்கள் பார்த்த நடு வெடிப்பில் இரண்டு மூன்று நாள் கழித்துப் புரோட்டான் அளவு வரைபடத்தைப் பார்த்திருந்தால், அதிர்ச்சி அலை கடக்கும்போது புரோட்டான் மறுபடி ஏறியிருக்கலாம். கிழக்கு ஓரத்தில் வெடிப்பவை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அடுத்த முறை மூன்று நாள் வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள், யு.டி.சி.யை மாற்றிக்கொண்டு.

“இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு மிக அருகில் கடக்கின்றன. செல்போனை அணைத்து உடலிலிருந்து தள்ளி வையுங்கள். சிங்கப்பூர் டி.வி.யில் அறிவித்துள்ளார்கள்.” உண்மையா? (திருப்பாதிரிப்புலியூர், நெல்லிக்குப்பம், அரியாங்குப்பம், இன்னும் பலர்)

பொய். இதே பக்கத்தில் முன்பும் சொன்னேன், இன்னொரு முறையும் சொல்ல வைக்கிறீர்கள்.

முதலில் அந்த வாசகத்தைப் படித்துப் பாருங்கள். “இன்று இரவு” என்றால் எந்த இன்று? தேதி போடாததால்தான் அது பல வருஷமாகப் பழசாகாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 12.30 என்பது சிங்கப்பூர் நேரமா, கடலூர் நேரமா? இரண்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். கதிர்கள் என்ன, கடிகாரத்தை நம்மூருக்குத் திருப்பி வைத்துக்கொண்டா வருகின்றன?

அடுத்து, காஸ்மிக் கதிர் “அருகில் கடக்கிற” பொருள் கிடையாது. விண்மீன் மண்டலத்தின் எல்லாத் திசையிலிருந்தும் பகலும் இரவும் அது விழுந்துகொண்டே இருக்கிறது. இதைப் படிக்கும் இந்த நேரத்திலும் அதன் வழித்தோன்றலான மியூவான் என்னும் துகள் உங்கள் உள்ளங்கையை விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் துளைத்துப் போகிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கருவி வருஷக்கணக்காக அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

சூரியனிலிருந்து வருவது என்றே வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் சூரியன் நம் காலடியில் இருக்கிறது, ஆகவே ஃப்ளேரின் எக்ஸ் கதிர் நம் பக்கம் வராது. துகள்கள் காந்தக் கோட்டைப் பிடித்து வருபவை, அவற்றுக்கு இரவு பகல் தடையில்லை. ஆனால் புதுச்சேரி, கடலூர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காந்த நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போகிறது. இங்கே பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருக்கின்றன. மேலிருந்து வரும் புரோட்டான் அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு இறங்க வேண்டுமானால் சுமார் 1,700 கோடி எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். உலகத்திலேயே உயரமான மதில்களில் ஒன்று தென்னிந்தியாவின் தலைக்கு மேல் இருக்கிறது. சூரியப் புரோட்டான்களில் மிகப் பெரும்பாலானவை இதில் நூறில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. தப்பித் தவறி வந்தாலும் காற்று மண்டலம் இருக்கிறது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை.

அப்புறம் செல்போன். அது துகள்களை ஈர்க்காது. அணைத்து வைத்தாலும் எரிய விட்டாலும் உள்ளே இருக்கும் சிலிக்கான் ஒன்றுதான். 2024 மே 10–11இல் இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல், அதாவது சி.எம்.இ. மோதிப் பூமியின் காந்தப்புலம் குலுங்குவது, வந்தது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் எடுத்தார்கள். அந்த இரவு நம்மூரில் செல்போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர்கள் எல்லாரும் காலையில் எழுந்து அதில்தான் செய்தி பார்த்தார்கள்.

எங்கள் தெருவில் படித்த மனிதர் ஒருவர் இதை அனுப்பினார். மேலே சொன்ன அத்தனையையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே சார்” என்றார். எனக்கு எரிச்சல் வருவது இந்த ஒரு வரியில்தான். ஆஸ்பத்திரி வார்டில் ஆளைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பவர், கடலுக்குப் போன புருஷனின் அழைப்புக்குக் காத்திருப்பவர், இவர்கள் நள்ளிரவில் மூன்று மணி நேரம் போனை அணைப்பது எந்த ஊர் ஜாக்கிரதை? உண்மையான எச்சரிக்கையில் தேதி, யு.டி.சி. நேரம், அளவுகோலில் எத்தனையாவது நிலை, வெளியிட்டது யார் என்ற நான்கும் இருக்கும். அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையம் அப்படித்தான் வெளியிடுகிறது. புரோட்டான் மழைக்கு எஸ்-1 முதல் எஸ்-5 வரை, படிக்குப் படி பத்து மடங்கு. நான்கில் ஒன்று குறைந்தாலும் அழித்துவிடுங்கள்.

சூரியப் புயல் அன்று எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் போய்விட்டது. நஷ்டஈடு கேட்க முடியுமா? (நெய்வேலி)

யாரிடம், சூரியனிடமா? நியூட்ரல் ஒயர் கழன்றிருக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் 9 மணி நேரம் மின்சாரம் போனது காந்தப்புயலால்தான். ஆனால் அது வடக்கே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மின்பாதையில், மின்மாற்றிகளுக்குள் புகுந்த நிலமின்னோட்டம், அதாவது காந்தப்புலம் குலுங்கும்போது தரையில் எழும் மின்சாரம். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜைத் தேடி வராது. நாம் முழுக்கத் தப்பித்தவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். 1859 செப்டம்பர் காந்தப்புயலில் பம்பாய் கொலாபாவின் காந்தமானி 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சரிந்தது. புதுச்சேரியிலும் ஒரு காந்த அவதான நிலையம் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் கடைசியில், இரவு 9 மணி போல, கரையிலிருந்து 20 மைல் உள்ளே ஜி.பி.எஸ். கருவியில் சாட்டிலைட் அறுந்து அறுந்து வந்தது. வயர்லெஸ் நன்றாகக் கேட்டது. சூரிய வெடிப்பா? (விசைப்படகு உரிமையாளர், கடலூர் முதுநகர்)

மாதமும் நேரமும் எழுதியதற்கு நன்றி, பதில் அதிலேயே இருக்கிறது. இரவு 9 மணிக்கு ஃப்ளேர் உங்களைத் தொடாது. அது சிற்றலை வானொலியைத்தான் கெடுக்கும், அதுவும் பகல் பக்கத்தில். உங்கள் செட்டு வி.எச்.எஃப்., அதற்கு அயனி மண்டலம், அதாவது காற்று மண்டலத்தின் மேலே மின்னேற்றம் உள்ள அடுக்கு, தேவையில்லை. நீங்கள் பார்த்தது நம் பகுதிக்கே உரிய தொல்லை. சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தின் அடியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும், அவற்றின் வழியே வரும் சாட்டிலைட் சிக்னல் மினுங்கும். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் இது அதிகம். சூரிய உச்ச ஆண்டுகளில் இன்னும் அதிகம். காந்தப்புயல் எதுவும் இல்லாமலே வரும், நள்ளிரவுக்குள் பெரும்பாலும் அடங்கும். திசைகாட்டியைப் படகிலிருந்து இறக்கிவிடாதீர்கள்.

மகள் பாரிசில் இருக்கிறாள், ஆறாம் மாதம். ஊருக்கு வந்தவள் திரும்பும் வாரத்தில் சூரியப் புயல் என்கிறார்கள். டிக்கெட்டை மாற்றலாமா? (முத்தியால்பேட்டை)

வேண்டாம். சென்னை–பாரிஸ் பயணத்தில் கிடைக்கும் கதிர்வீச்சு தோராயமாக ஒரு மார்பு எக்ஸ்ரேவுக்குப் பக்கம். அந்த வழி துருவத்தை ஒட்டிப் போவதும் இல்லை. கடுமையான புரோட்டான் மழை என்றால் துருவ வழி விமானங்களைத் தாழ்வாகவோ தெற்கு வழியாகவோ திருப்புவார்கள், 2019 முதல் விமானிகளுக்கு உலக அளவில் எச்சரிக்கையும் போகிறது. ஆறாம் மாதத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து போகலாமா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். அதுதான் முக்கியம்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் வானம் ஊதா கலந்த சிவப்பாக இருந்தது. துருவ ஒளியா?

எந்தத் தேதி? எத்தனை மணி? எந்தத் திசை? ஒன்றும் இல்லை. சாயங்காலம் என்றால் சூரிய அஸ்தமனம். 1872 பிப்ரவரி 4இல் பம்பாயிலிருந்தே துருவ ஒளி தெரிந்ததாகப் பதிவு உண்டு, ஆனால் அது நூற்றாண்டுக்கு ஒருமுறை.

ஃப்ளேர் வந்தால் மாடியில் உள்ள சோலார் பேனலில் யூனிட் கூடுமா? (வில்லியனூர்)

கூடாது. எக்ஸ் கதிர் ஆயிரம் மடங்கு ஏறினாலும் மொத்த ஒளி நூறில் ஒரு பங்குகூட ஏறாது. விண்கலத்தின் பேனலுக்குத்தான் அடி. 2000 ஜூலை 14, நம்மூரில் பிரெஞ்சு தேசிய தினம் கொண்டாடிய அதே நாளில், சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் புரோட்டான்கள் பனி கொட்டுவதுபோல் பதிந்தன. அதன் பேனல்கள் ஓராண்டுத் தேய்மானத்தை ஓரிரு நாளில் கண்டன.

ஃபெஞ்சல் புயலுக்கு மே மாதச் சூரியப் புயல்தான் காரணம் என்கிறாரே ஒரு யூடியூபர்?

2024 நவம்பர் 30 இரவு வந்து ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழையைக் கொட்டியது வங்கக்கடலின் சூடும் ஈரமும். ஆறு மாதத்துக்கு முந்தைய காந்தப்புயலுக்கு அதில் வேலையில்லை.

நிலவில் ஆள் நிற்கும்போது இப்படி வெடித்தால்? (ஒன்பதாம் வகுப்பு, பண்ருட்டி)

கிட்டத்தட்ட நடந்துவிட்டது. அப்பல்லோ 16 ஏப்ரலில் திரும்பியது, 17 டிசம்பரில் போனது. இடையில் 1972 ஆகஸ்ட் 4இல் பெரும் புரோட்டான் மழை. அன்று யாராவது வெறும் விண்வெளி உடையோடு நிலவில் நடந்துகொண்டிருந்தால் கதிர்வீச்சு நோயில் படுத்திருப்பார். அங்கே காந்த மதிலும் இல்லை, காற்றும் இல்லை. அதே வெடிப்பின் சி.எம்.இ. 15 மணி நேரத்துக்குள் பூமியை அடைந்தது, அதுவே இன்றுவரை அதிவேகம். அது கிளப்பிய காந்தப்புயலில், வட வியட்நாம் கடலோரத்தில் அமெரிக்கா போட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் டஜன் கணக்கில் தாமாகவே வெடித்தன. முதல் பதிலில் துகள் வேறு, சி.எம்.இ. வேறு என்று சொன்னேனே, இந்த ஒரே வெடிப்பு இரண்டையும் தனித்தனியாகக் காட்டியது. நிலவுக்குப் போகும் கலங்களில் இப்போது தண்ணீர், உணவுப் பைகளை நடுவில் அடுக்கி ஒதுங்கிக்கொள்ளும் இடம் யோசித்து வைக்கிறார்கள்.

ஆதித்யா சூரியனில் எப்போது இறங்கும்?

இறங்காது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளி, சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சமன்பட்டு நிற்க வசதியான எல்-1 புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சூரியன் 15 கோடி கி.மீ. நூறில் ஒரு பங்கு தூரம்தான் போயிருக்கிறது. அங்கே நிற்பதால் சி.எம்.இ. நம்மை மோதுவதற்குச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை முன்னால் தெரியும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் போலிருக்கிறது, செய்தியின் தலைப்போடு நிறுத்தாமல் உள்ளேயும் படியுங்கள்.

பள்ளியில் சிறிய தொலைநோக்கி இருக்கிறது. சூரியப்புள்ளி பார்க்கலாமா? கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டால் போதுமா? (ஆசிரியர், நெல்லிக்குப்பம்)

கூலிங் கிளாஸ் போதாது, எக்ஸ்ரே ஃபிலிமும் ஆகாது. 14ஆம் எண் வெல்டிங் கண்ணாடி வெறுங்கண்ணுக்குச் சரி, தொலைநோக்கிக்கு ஆகாது. தொலைநோக்கியில் கண் வைக்கும் பக்கம் திருகும் வடிகட்டி சூட்டில் விரிசல் விடும், அதைத் தூக்கிப் போடுங்கள். முன்பக்க லென்ஸ் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டி வாங்குங்கள். அது வரும்வரை வெள்ளை அட்டையில் பிம்பத்தை விழவைத்துக் காட்டுங்கள். அப்போதும் பிள்ளைகளைத் தொலைநோக்கியோடு தனியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.