இருவர் விலகியதும் ஹியூமன் லீக் குழுவின் ஒலி ஏன் மாறியது?

ஆட்கள் விலகினால் மின்னிசைக் குழுவின் ஒலியே ஏன் மாறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நம் பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணைக்காரர் விலகினால், அதே முறையில் வாசிக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்துவிடலாம். மின்னிசையிலோ ஒலியை வடிவமைத்தவரே போய்விடுகிறார்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான ஹியூமன் லீக் என்ற மின்னிசைக் குழுவிலிருந்து 1980இல் அதன் ஒலியை வடிவமைத்துவந்த மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் ஆகியோர் விலகியபோது எஞ்சியவர்கள், பாடகர் பிலிப் ஓக்கியும் மேடையில் படவில்லைகளைக் காட்டிவந்த ஏட்ரியன் ரைட்டும் மட்டுமே. ஓக்கி, நடன விடுதியொன்றில் கண்ட இரண்டு பள்ளி மாணவிகளைச் சேர்த்துக்கொண்டார் (அசாத்தியத் துணிச்சல்தான்). ஆயினும் பெரிய மாற்றம், என் கணிப்பில், தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்டால் வந்தது: அசல் டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்துவைத்திருந்த லின் தாள இயந்திரத்தைக் கொண்டு, முந்தைய இறுக்கமான சோதனை இசையைத் துல்லியமான ஆட்டத் தாளமாக்கினார். 1981 டிசம்பரில் அவர்களது பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.