தலைப்பிள்ளைப் பேறு: கருப்பைக் கழுத்தை இளக்கும் குளிசை வைத்தபின் வீட்டுக்கு வரலாமா?

ஒட்டுசுட்டானுக்கு அப்பாலுள்ள கிராமமொன்றிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "தங்கைக்கு இது முதற்பிள்ளை. பிரசவத் திகதி கடந்து ஐந்து நாளாகியும் வயிற்றுக்குத்து வரவில்லை. 41 வாரம் நிறைந்ததும் வந்து அனுமதியாகும்படியும், கருப்பைக் கழுத்து இளகாததால் குளிசை வைக்க வேண்டியிருக்கும் என்றும் கிளினிக்கில் சொன்னார்கள். குளிசையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குத்துத் தொடங்கியபின் போகலாமா? அதே குளிசையைப் பாமசியிலும் வாங்கலாம் என்று அயலில் சொல்கிறார்கள்."

இரண்டும் வேண்டாம். ஏன் என்பதைத் தங்கையும் அவரது மாமியாரும் விளங்கிக்கொள்வது முக்கியம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பிள்ளையை உள்ளே தாங்குவதற்காக மாதக்கணக்கில் இறுக மூடியிருந்த கருப்பைக் கழுத்து, பேறுகாலம் நெருங்கும்போது தன் நார்களைத் தளர்த்தி, மென்மையாகி, நீளம் குறைந்து, பின்னர் திறக்கிறது. இளகாத கழுத்து, பரிசோதிக்கும் விரலுக்கு மூக்கு நுனியைப் போல விறைப்பாகவும், இளகிய கழுத்து உதட்டைப் போலவும் தட்டுப்படும். இந்த மென்மையோடு கழுத்தின் திறப்பு, நீளம், அது நோக்கும் திசை, பிள்ளையின் தலை இறங்கிய அளவு ஆகியவற்றையும் சேர்த்து 13 புள்ளிகளுக்குக் கணக்கிடும் முறையை எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964 இல் வகுத்தார். புள்ளி 6 அல்லது அதற்குக் குறைவாயின், குத்தை வரவழைக்கும் சேலைனை ஏற்றுவதற்கு முன் கழுத்தை இளக்குவதே நல்லது. தலைப்பிள்ளைத் தாய்மாருக்குக் கழுத்து முதலில் மெலிந்து பிறகே திறப்பதால் இந்தக் கட்டம் நீளும்.

இதற்குப் பயன்படுபவை, உடல் தானே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையொத்த மருந்துகள். டைனோபுரோஸ்டோனை 3 மில்லிகிராம் குளிசையாக யோனிக்குள் வைத்து, தேவையானால் ஆறு மணித்தியாலத்தின் பின் மீண்டும் வைப்பார்கள். நாடாவுடன் கூடிய வடிவமும் உண்டு, தேவைப்பட்டால் அதை இழுத்து எடுத்துவிடலாம். மற்றையது மிசோபுரோஸ்டோல். வயிற்றுப்புண்ணுக்கென உருவான அதன் வழமையான குளிசை 200 மைக்ரோகிராம். உயிருள்ள நிறைமாதப் பிள்ளைக்கு ஒரு தடவைக்குரிய அளவோ 25 மைக்ரோகிராம், அதாவது எட்டிலொரு பங்கு. சவர அலகால் வெட்டி அந்தப் பங்கை எவராலும் சரியாக எடுக்க முடியாது. பாமசிக் குளிசை வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவே காரணம். மருந்தில்லாமல், ரப்பர் குழாயின் நுனியிலுள்ள பலூனைக் கழுத்தின் வழியாக உள்ளே செலுத்தி, கழுத்துக்குச் சற்று மேலே நீரால் ஊதி வைக்கும் முறையும் உண்டு. அதில் குத்து அளவுமீறும் ஆபத்து குறைவு.

அந்த ஆபத்தை எண்ணித்தான் விடுதியில் தங்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குத்தின்போதும் நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இடைவெளியில்தான் பிள்ளை ஒட்சிசனை மீட்டுக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேற்பட்ட குத்துகள் தொடர்ந்தால் அந்த இடைவெளி இல்லாமற்போய், பிள்ளையின் இதயத்துடிப்பு தளரும். விடுதியில் கருவி அதைக் காட்டும், தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்துக் குத்தைத் தணிக்க ஊசி போடுவார்கள். வெளிநாடுகள் சிலவற்றில் சிக்கலில்லாத தாய்மாரை வீட்டுக்கு அனுப்புவதுண்டு. வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். யானை கடக்கும் காட்டு வீதியில், இரவில், மாஞ்சோலை வைத்தியசாலைக்கு வரவேண்டிய உங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

காலம் எடுக்கும் என்பதையும் தங்கைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். கழுத்து இளக ஒரு முழு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். பக்கத்துக் கட்டிலில் இரண்டாம் பிள்ளைக்காரி காலையில் குளிசை வைத்து மாலையில் பிள்ளையோடு படுத்திருப்பதைப் பார்த்து, தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அழும் தலைப்பிள்ளைத் தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். குறை எதுவுமில்லை. வாசலில் நிற்கும் உறவினரும் மணிக்கொரு தடவை "இன்னும் இல்லையா" என்று கேட்காதிருந்தால் பெரிய உதவி.

கருப்பையில் முன்பு சத்திரசிகிச்சை நடந்திருந்தால், ஆஸ்துமா அல்லது கண் அழுத்தநோய் இருந்தால், குளிசை வைக்குமுன் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். ஆமணக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், கழிச்சலால் நீர் வற்றிச் சோர்ந்த உடம்போடு பேற்றுக்குப் போவது கடினம்.

குறித்த நாளுக்கு முன்பே பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, அந்த நாளுக்காகக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அப்படி எதுவுமில்லையேல், கிளினிக் கொப்பியையும் ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கான் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே புறப்படுங்கள். 41 வாரம் என்ற கணக்கு சரிதானா என்று அந்த ஸ்கானை வைத்தே பார்ப்பார்கள்.