அப்பாவின் 1969 ஜிடிஓவைப் புதுப்பிக்க வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு அருகே மனைவியுடனும் 12 வயது மகளுடனும் வசிக்கிறேன். மேற்படிப்புக்காகத் திருச்சியிலிருந்து இங்கு வந்து, படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த என் அப்பா, 1975-இல் 1,400 டாலர் கொடுத்து ஒரு 1969 பான்டியாக் ஜிடிஓ காரை வாங்கினார். 2003 முதல் அது அவருடைய காரேஜிலேயே நிற்கிறது. சென்ற ஆண்டு அப்பா காலமானார். உயில் எழுதவில்லை, ஆனால் ‘இந்தக் கார் உனக்குத்தான்’ என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்று, சுமார் 65,000 டாலர் ஆகும், பதினெட்டு மாதம் பிடிக்கும் என்கிறது. மதிப்பீட்டாளர் ஒருவர், கார் இன்றைய நிலையில் 22,000 டாலர் பெறும், முழுமையாகப் புதுப்பித்தால் 55,000 வரை போகும் என்றார். எங்கள் சேமிப்பில் 28,000 டாலரும், 401(கே) ஓய்வுக் கணக்கில் 3 லட்சத்து 10 ஆயிரமும், மகளின் படிப்புக்கான 529 கணக்கில் 41,000-மும் உள்ளன. மாதச் செலவு ஏறத்தாழ 6,000 டாலர். வீட்டின் மேல் கடன் வாங்கிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். பழைய காரின் விலை ஏறத்தானே செய்யும்? மனைவி விற்றுவிடலாம் என்கிறார். அம்மாவும் தங்கையும் ஒன்றும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கிறது. அப்பா வாயால் சொன்னது உங்களுக்குப் பெரிது. சட்டத்துக்கு அது போதாது. உயில் இல்லாமல் ஒருவர் காலமானால், மிச்சிகன் சட்டம் உயிரோடிருக்கும் மனைவிக்கே முதல் பெரும் பங்கைத் தருகிறது. ஆகவே நீங்கள் ‘என் கார்’ என்று எழுதும் அந்த ஜிடிஓ இன்றைக்கு உங்கள் அம்மாவுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டைட்டில், அதாவது உரிமைச் சான்று, இன்னும் அப்பாவின் பெயரில் இருக்கும் காரைப் பட்டறையில் விட்டு 65,000 டாலர் செலவழிப்பது, பட்டா மாறாத மனையில் மாடி கட்டுவதற்குச் சமம். முதலில் அம்மாவுடனும் தங்கையுடனும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மா மனமுவந்து தருகிறார், தங்கைக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை என்பது உறுதியானால், மாநிலச் செயலர் அலுவலகத்தில் டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான வாகன மாற்றத்துக்கு மிச்சிகனில் 6 சதவீதப் பயன்பாட்டு வரி கிடையாது. கார் முதலில் அம்மாவின் பெயருக்கு வந்து, பிறகு அன்பளிப்பாக உங்களுக்கு வருமானால், 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலர் என்ற ஆண்டு வரம்பை 22,000 என்ற மதிப்பு தாண்டுவதால், அம்மா ஓர் அன்பளிப்பு வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். சாதாரணக் குடும்பங்களில் அதற்காக வரி எதுவும் கட்ட நேராது. தங்கைக்கு ஈடாக ஏதேனும் தருவதாக இருந்தால், அதை இன்றைய 22,000 டாலரின் அடிப்படையில் இப்போதே எழுதி முடித்துக்கொள்ளுங்கள். இன்று மௌனமாக இருப்பவர்கள், புதுப் பெயின்ட் பளபளக்கத் தொடங்கிய பிறகு பேசியதை நான் என் தொழிலில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

அந்த 22,000 டாலர் மதிப்பீட்டை, அப்பா காலமான தேதிக்குரியதாக எழுத்தில் வாங்கி வையுங்கள். கார் அவர் பெயரில் மட்டும் இருந்திருந்தால், வரிக் கணக்கில் அதன் அடிப்படை விலை, அவர் 1975-இல் கொடுத்த 1,400 டாலராக இல்லாமல், இறந்த நாளின் சந்தை விலையாக உயர்ந்துவிடும். அது அம்மா வழியாக உங்களிடம் வந்தாலும் அந்த உயர்ந்த விலையே தொடரும். அதாவது, மனைவி சொல்வதுபோல் இன்று 22,000-க்கு விற்றால் ஆதாயம் என்று எதுவும் இல்லை, ஆதாய வரியும் இல்லை. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 22,000 மதிப்புள்ள காரில் 65,000 போட்டால் காரில் முடங்கும் உங்கள் பணம் 87,000 ஆகிறது. மதிப்பீட்டாளர் சொன்ன உச்ச விலையோ 55,000. வேலை முடிந்து சாவி கைக்கு வரும் நாளிலேயே 32,000 டாலர் போய்விட்டிருக்கும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பொருளை நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தை மத்திய வருமான வரியில் கழிக்கவும் முடியாது. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பார்கள். உங்கள் 22,000-த்தையும் 65,000-த்தையும் கூட்டிப் பாருங்கள், கால், முக்கால் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

விலை ஏறும் என்ற நம்பிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்த பிறகு, பெட்ரோலைக் குடிக்கும் பெரிய வி-8 எஞ்சின் கார்களைக் கைகழுவ அமெரிக்கர்கள் வரிசையில் நின்றார்கள். வேலையில் புதிதாகச் சேர்ந்த உங்கள் அப்பாவுக்கு 1,400 டாலருக்கு ஒரு ஜிடிஓ கிடைத்ததில் வியப்பில்லை. அன்று அடிமாட்டு விலைக்குப் போனவை இன்று ஏலங்களில் லட்சங்களைத் தொடுவதாக நாம் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் அபூர்வமான வகைகளைப் பற்றியவை. 1969-இல் பான்டியாக் நிறுவனம் 72,287 ஜிடிஓக்களைத் தயாரித்தது. அவற்றில் ‘ஜட்ஜ்’ என்ற சிறப்பு வகை 6,833 மட்டுமே, அந்த வகையிலும் திறந்த கூரை கொண்டவை வெறும் 108. உங்களுடையது எது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாகன அடையாள எண் 242 என்று தொடங்கினால் அது ஜிடிஓவாகவே தொழிற்சாலையை விட்டு வந்த கார். பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற அமைப்பு, அந்த எண்ணைக் கொண்டு, கார் எந்த எஞ்சினுடனும் எந்த வசதிகளுடனும் விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்ற பழைய விலைச்சீட்டின் நகலை ஒரு கட்டணத்துக்குத் தருகிறது. எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்தில் பொறித்திருக்கும் இரண்டெழுத்துக் குறியீட்டையும் அடையாள எண்ணின் பகுதியையும் அதனுடன் ஒப்பிட்டால், உள்ளே இருப்பது பிறந்தபோதிருந்த அதே எஞ்சினா, இடையில் மாற்றியதா என்பது விளங்கிவிடும். எல்லாம் பொருந்தி, ராம் ஏர் 4 போன்ற அரிய எஞ்சின் இருப்பதாகத் தெரிந்தால், நான் இங்கே சொல்லும் கணக்கு மாறும். அப்போது மறுபடியும் எழுதுங்கள். 350 குதிரைத்திறன் கொண்ட வழக்கமான 400 கன அங்குல எஞ்சின் என்றால், அது அருமையான கார். முதலீடு என்ற சொல்லை மட்டும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பட்டறையின் மதிப்பீட்டில் என்னை நிறுத்திய சொல் ‘சுமார்’. மிச்சிகன் சாலைகளில் குளிர்காலம்தோறும் கொட்டப்படும் உப்பு, பின்சக்கர வளைவுகளுக்குக் கீழேயும் டிக்கியின் தரையிலும் பின்கண்ணாடியின் அடிவிளிம்பிலும் தங்கி, பெயின்ட்டுக்கு அடியில் இருந்துகொண்டே தகரத்தைத் தின்றிருக்கும். அதன் முழு அளவு பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் தெரியும். காரின் உடலை அடிச்சட்டத்திலிருந்து பிரித்து முழுமையாகச் செய்யும் வேலை ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே மணிக்கணக்கில் கூலி வாங்கும் பட்டறை சொல்லும் 65,000 என்பது தொடக்க விலை. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஒதுக்காமல் எவரையும் இதில் இறங்க நான் சொல்வதில்லை. பாதி வேலையில் பணம் தீர்ந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிரித்துப் போட்ட காருக்கு, பிரிக்காத காரின் விலைகூடக் கிடைக்காது, பாக்கி தீரும்வரை காரைப் பிடித்து வைக்கப் பட்டறைக்குச் சட்டப்படி உரிமையும் உண்டு.

இனி பணத்தின் ஊற்றுக்கண். வீட்டின் மேல் 65,000 டாலரை 8 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு வாங்குவதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 789 டாலர். கடைசியில் கட்டி முடித்திருப்பது 94,600 டாலருக்கும் மேல். வீட்டையே மேம்படுத்தச் செலவிட்டால்தான் இந்த வட்டிக்கு வரிச் சலுகை. காருக்குச் செலவிட்டால் இல்லை. வேலை போனால் காரை மறந்துவிடலாம், வீட்டுக் கடனை மறக்க முடியாது. 401(கே)-யில் இருந்து ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீதம் தண்டமும் சேரும்; அதிலிருந்தே கடனாக எடுப்பதற்கும் 50,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. 529 கணக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பட்டியலில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள், கேட்காமலே இருங்கள்.

அப்படியானால் விற்றுவிட வேண்டுமா? உங்கள் மனைவியின் கணக்கு சரியானது. குடும்பத்தில் எவருக்கும் அந்தக் காரை ஓட்டும் ஆசை இல்லை என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் உங்கள் கடிதம் அப்படி இல்லை. உங்களுக்கு வேண்டியது அப்பாவின் கார் மறுபடி ஓடுவது. பட்டறை விற்க வருவது காட்சிக்கு வைக்கத்தக்க புதுக் கார். இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் மிகப் பெரிது. பெயின்ட்டையும் குரோமையும் இருக்கையையும் தொடாமல், ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியதை மட்டும் செய்யத் தனி விலை கேளுங்கள்: பிரேக் முழுவதும், பெட்ரோல் தொட்டி, எரிபொருள் குழாய்கள், ரேடியேட்டர், கார்புரேட்டர், டயர்கள், அடிச்சட்டத்தில் துரு ஏறியிருந்தால் அந்த இடங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும். ஆகவே பார்க்க நன்றாக இருந்தாலும் அவற்றை மாற்றியே ஆக வேண்டும். 10.75-க்கு 1 என்ற அழுத்த விகிதத்தில் வடிவமைத்த எஞ்சின் என்பதால் பெட்ரோல் நிலையத்தில் உள்ள உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலைத்தான் போட வேண்டும். அதையும் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவுக்கும் 12,000 டாலர் என்று வரம்பு வையுங்கள். அதற்குள் முடியாது என்று நல்ல மெக்கானிக் ஒருவர் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்துச் சொன்னால், விற்கும் யோசனையை மறுபடி எடுப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

அந்த 12,000 எங்கிருந்து வரும்? 28,000 டாலர் சேமிப்பு உங்கள் ஐந்து மாதச் செலவுக்குக்கூடக் காணாது, ஆகவே அதில் கைவைக்க வேண்டாம். வங்கிக்கு மாதம் 789 டாலரைப் பத்தாண்டு கட்டத் துணிந்திருந்தீர்கள். அதற்குப் பதில் தனிக் கணக்கு ஒன்றில் மாதம் 600 டாலரைப் போட்டு வந்தால் இருபது மாதத்தில் தொகை சேர்ந்துவிடும். சேரச் சேர ஒவ்வொரு வேலையாக முடித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து மாதத்துப் பணத்தில் பிரேக்கைத் தொடங்குங்கள். அந்த 600 எந்த மாதமாவது கையைக் கடித்தால், 65,000 என்னவாகியிருக்கும் என்பதை நீங்களும் மனைவியும் தெரிந்துகொள்வீர்கள். எந்தப் பட்டறையானாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், முன்பணம் குறைவாகக் கொடுங்கள், முடிந்த வேலைக்குப் படத்துடன் பில் வந்த பிறகே அடுத்த தொகையைக் கொடுங்கள். ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். எப்போதாவது ஆதாயத்துக்கு விற்க நேர்ந்தால், காரை மேம்படுத்திய செலவுகள் அடிப்படை விலையோடு சேரும்.

டைட்டில் மாறிய அன்றே காப்பீடும் எடுங்கள். வழக்கமான வாகனக் காப்பீடு, விபத்து நடந்த நாளில் பழைய கார் ஒன்றுக்குத் தேய்மானம் போக என்ன விலை என்றுதான் பார்க்கும். ஹாகர்ட்டி போன்ற நிறுவனங்கள் தரும் பழங்கார் காப்பீட்டில், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு முழுவதும் கிடைக்கும். பூட்டிய காரேஜ் வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு கார் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருக்கும். செலவு ஏற ஏற ஒப்புக்கொண்ட மதிப்பையும் உயர்த்தச் சொல்லுங்கள். பட்டறையில் நிற்கும் காலத்துக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு சலுகை. 26 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு மிச்சிகன் தரும் வரலாற்று வாகன எண்பலகையை வாங்கினால் பதிவுச் செலவு குறையும். கண்காட்சி, ஊர்வலம், சங்க நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே ஓட்டலாம் என்பது அதன் விதி. ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு, அப்போது எங்கும் ஓட்டலாம். டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் நடந்துவரும் பழங்கார் ஊர்வலமான டிரீம் குரூஸ் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமைதான். அந்தச் சாலை போய்ச் சேருவது, காருக்குப் பெயர் தந்த பான்டியாக் நகருக்கே. மங்கிய பெயின்ட்டுடனேயே அம்மாவை உட்காரவைத்து ஒரு ஆகஸ்ட் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் பெயின்ட்டும் குரோமும் வேண்டும் என்று உங்களுக்கும் மனைவிக்கும் தோன்றினால், அந்தப் பட்டறையின் மதிப்பீட்டை எனக்கு அனுப்புங்கள். அன்றைய சேமிப்பு இருப்பையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.