பத்து ரவுண்டு ஓடியும் வேகம் ஏன் கூடவில்லை?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறான். எட்டாம் வகுப்பில் 100 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் முதலிடம் வந்தான். அப்போதே மீசை அரும்பி, வகுப்பிலேயே உயரமான பையனாக இருந்தான். அன்று அவனிடம் தோற்றவர்கள் இன்று அவனை முந்துகிறார்கள். தினமும் காலையில் மைதானத்தைப் பத்து ரவுண்டு சுற்றுகிறான். ஆனாலும் நேரம் 12.3 விநாடியிலேயே நிற்கிறது. கபடி அணியிலும் இருக்கிறான். அதை விட்டால்தான் ஓட்டம் உருப்படும் என்கிறார்கள். இரண்டு மாதமாகப் பின்தொடையில், உட்காரும் இடத்தை ஒட்டி வலி இருக்கிறது. சுளுக்கு என்று தடவிவிட்டோம், போகவில்லை. ஜிம்மில் விற்கும் புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா? வேகம் பிறவியிலேயே வருவதுதானா?

பதில்: வேகத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் அந்த வலியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தெளியாமல் மற்ற எதையும் செய்யக்கூடாது.

பின்தொடைத் தசைகள், நாம் உட்காரும்போது பெஞ்சில் அழுந்துகிற இடுப்பெலும்பிலிருந்து தொடங்குகின்றன. 15 வயதில் அந்த இடம் முழு எலும்பாக இறுகியிருக்காது. நடுவில் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கும். பெரியவர்களுக்குத் தசை கிழியும் அதே இழுவிசையில், இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தசை தாங்கிக்கொண்டு எலும்பின் ஒரு துண்டைப் பிய்த்துவிடலாம். முழு வேக ஓட்டம், தடை தாண்டுதல், பந்தை ஓங்கி உதைத்தல், கபடியில் கணுக்காலைப் பிடித்து இழுத்தல் எல்லாமே இதற்குக் காரணமாகலாம். வலி தொடங்கிய அன்று ‘டக்’ என்று ஏதாவது உணர்ந்தானா, வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தால் குத்துகிறதா என்று அவனிடம் கேளுங்கள். அவன் இல்லை என்று சொன்னாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் நீடித்த வலியைச் சுளுக்கு என்று விடமுடியாது.

துண்டு அதிகம் விலகாமல் இருந்தால் ஓய்விலும் பிசியோதெரபியிலும் சேர்ந்துவிடும். வெகுவாக விலகியிருந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றி யோசிப்போம். எக்ஸ்ரே பார்க்கும்வரை வேக ஓட்டம், கபடி, காலை நீட்டி இழுக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். இன்னொரு முறை சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஆண்பிள்ளைகள் மிக விரைவாக உயரம் கூடுவது சராசரியாக 13, 14 வயதில். ஆனால் இது ஆளுக்கு ஆள் இரண்டு வருடம்கூட முன்பின்னாக இருக்கும். உயரம் கூடும்போதும் அதற்குப் பிறகும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனால் தசை திரள்கிறது, ஓட்டமும் அதோடு கூடுகிறது. எட்டாம் வகுப்பிலேயே மீசை அரும்பிய உங்கள் மகன் அன்று 15 வயது உடம்போடு 13 வயதுப் பையன்களுடன் ஓடியிருக்கிறான். இப்போது அவர்களும் வளர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதில் அவன் குற்றம் ஒன்றும் இல்லை. எட்டாம் வகுப்பில் அவன் ஓடிய நேரம் என்ன என்று தேடிப் பாருங்கள். அதைவிட 12.3 குறைவு என்றால் அவன் முன்னேறித்தான் இருக்கிறான். பதக்கத்தை வைத்து இதைக் கணக்கிட முடியாது. நம் பள்ளி, மாவட்டப் போட்டிகள் 14 வயதுக்குட்பட்டோர் பதக்கத்தை அளவுக்கு மீறிக் கொண்டாடுகின்றன என்பது என் எண்ணம். அந்த வயதில் பெரும்பாலும் ஜெயிப்பது முந்தி வளர்ந்த உடம்புதான்.

அந்த 12.3 ஸ்டாப்வாட்சில் எடுத்ததா என்பதையும் பாருங்கள். தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ கை பொத்தானை அழுத்துவதற்குள் சிறிது நேரம் போய்விடும். அதனால் 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தோடு 0.24 விநாடி சேர்த்துத்தான் மின்னணுக் கடிகார நேரத்தோடு ஒப்பிடுவார்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு வெண்கலம் நழுவியது வெறும் 0.01 விநாடியில். ஆகவே ஒரு போட்டியில் 12.1, அடுத்ததில் 12.4 என்று கையில் எடுத்த நேரங்களை வைத்துக்கொண்டு பையனைத் திட்டாதீர்கள்.

பத்து ரவுண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அது மூச்சுத் திறனை வளர்க்கும், 1500 மீட்டர் ஓடுபவனுக்கு நல்லது. 100 மீட்டருக்கு அது வேறு வேலை. முழு வேகத்தில் ஓடும்போது தசையிலேயே சேமித்து வைத்த பாஸ்போகிரியேட்டின் என்ற எரிபொருள்தான் முதலில் எரிகிறது. பத்து விநாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அது மறுபடி நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். வேகமான ஓட்டக்காரர்கள் காலைக் காற்றில் அதிவேகமாக வீசுகிறார்கள் என்று நினைக்கிறோம். அளந்து பார்த்த ஆய்வுகளில் அந்த வீச்சு நேரம் மெதுவானவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். வித்தியாசம் பாதம் தரையில் படும் அந்த 0.1 விநாடியில் இருக்கிறது. அதற்குள் யார் தரையை அதிக விசையோடு உதைக்கிறார்களோ அவர்கள் முந்துகிறார்கள். 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட் நூறு மீட்டரைக் கடந்தது சுமார் 41 எட்டுகளில்.

களைத்த காலோடு சுற்றும் ரவுண்டுகளில் இந்த உதைப்பு வராது. எலும்புத் தொல்லை இல்லை என்று உறுதியான பிறகு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 30 மீட்டர் முழு வேக ஓட்டம் ஐந்தாறு முறை ஓடட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நிமிடம் முழு ஓய்வு. வேகம் குறைய ஆரம்பித்ததும் அன்றைய பயிற்சி முடிந்தது. பார்ப்பவர்களுக்குப் பையன் சும்மா நிற்கிற மாதிரி தெரியும்; பி.இ.டி. சாருக்கும் அப்படித் தோன்றலாம். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

கபடியை விடச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு 6.5 மீட்டர். ரெய்டு போனவன் திரும்பி ஓடுவது அதற்குள்தான். கிரிக்கெட்டில் ஒரு ரன் எடுக்க ஓடுவதும் கிரீஸுக்குக் கிரீஸ் 17.68 மீட்டர்தான். இந்த ஆட்டங்களில் தேவைப்படுவது முதல் சில எட்டுகளின் பாய்ச்சல், திடீரென்று நிற்பது, திரும்புவது. 100 மீட்டரிலோ உச்ச வேகத்தை எட்டுவதும் அதைக் கடைசிவரை தக்கவைப்பதும் சேர்ந்துகொள்கின்றன. போல்ட்டே பெர்லினில் உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டித்தான். ஆக, கபடி அவன் ஓட்டத்தின் தொடக்கப் பகுதிக்கு உதவுகிறது, கெடுக்கவில்லை. ஒரே விளையாட்டை வருடம் முழுக்க ஆடும் பிள்ளைகளுக்குத்தான் ஒரே இடத்தில் அடிபட்டுக்கொண்டே இருக்கும் காயங்கள் அதிகம். கபடிப் போட்டிக்கு மறுநாள் வேக ஓட்டம் வைக்காதீர்கள், அது போதும்.

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது நம் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பயம். சரியான முறையில், யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, மெதுவாக எடை கூட்டினால் அப்படி எதுவும் நடக்காது. உட்கார்ந்து எழுதல், தாவல், கெண்டைக்கால் பயிற்சி இவற்றில் தொடங்கலாம். காயம் ஆறியபின், முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாயும் பயிற்சி ஒன்று உண்டு. இதைத் தொடர்ந்து செய்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கின்றன.

பவுடர் வேண்டாம். 55 கிலோ எடையுள்ள, நன்றாகப் பயிற்சி செய்யும் பையனுக்கு ஒரு நாளைக்கு 80 கிராம் புரதம் இருந்தால் நிறைவு. ஒரு முட்டையில் 6 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7, 8 கிராம். சோறு, பருப்பு, சுண்டல், மீன் எல்லாம் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். வெறும் வயிற்றோடு காலைப் பயிற்சிக்கு அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். இரண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ஜிம் டப்பாக்களில் என்ன கலந்திருக்கிறது என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் குருத்தெலும்பு சீக்கிரம் மூடி, உயரம் அங்கேயே நின்றுவிடும். ஊக்கமருந்துச் சோதனையிலும் ‘தெரியாமல் சாப்பிட்டேன்’ என்பது எடுபடாது. தசை பலத்துக்கென்று ஜிம்மில் விற்கும் கிரியேட்டின் பவுடரும் 18 வயதுக்கு முன் வேண்டாம்.

பிறவி விஷயம் உண்மைதான், ஓரளவுக்கு. வேகத் தசைநார்களில் ஏசிடிஎன்3 என்றொரு மரபணு வேலை செய்கிறது; உயர்மட்ட ஓட்டக்காரர்களில் அது செயலிழந்தவர்கள் அபூர்வம். ஆனால் வேகத்தைத் தீர்மானிக்கும் பல மரபணுக்களில் அதுவும் ஒன்று மட்டுமே. எச்சிலைச் சோதித்து உங்கள் பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டைச் சொல்கிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் நல்ல ஷூ வாங்கலாம்.

எக்ஸ்ரேக்குப் போகும் அன்றே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பையன்களில் 31 சதவீதம், பெண்பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பொதுத்தேர்வு வருடம் என்றாலும் எட்டு மணி நேரத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள். அப்புறம், ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா, நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறானா, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இதய மருத்துவர் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அவன் மைதானத்தில் இறங்கவேண்டாம்.